நல்ல வண்டி, குறைந்த மைலேஜ்: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல். லாரியோ போர்வெல் ரிக்கோ நிற்காத தெரு இந்தப் பக்கம் குறைவு. டேங்கர் லாரிக்கும் பாடி கட்டும் பட்டறைக்கும் நாமக்கல், போர்வெல் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று நாடு முழுக்கத் தெரியும். இங்கே டீசல் கணக்குத்தான் வீட்டுக் கணக்கு. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த லோடு லாரி மூன்றே முக்காலுக்கு இறங்கினால், டெல்லி போய்த் திரும்புகிற ஏறக்குறைய 5,000 கிலோமீட்டரில் 83 லிட்டர் கூடுதலாகக் குடித்துவிடும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் ஏழாயிரத்துச் சொச்சம். சில நடையில் கையில் நிற்கிற லாபமே அவ்வளவுதான். அதனால்தான் லாரி ஓனர்கள் ‘இந்த லைனுக்கு இத்தனை லிட்டர்’ என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதே வண்டியை வேறு டிரைவர் எடுத்தால் கணக்கு மாறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டுப் பிள்ளைகளே கார் வாங்கியதும் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். “சர்வீஸ் எல்லாம் தேதி தவறாம பண்றேனுங்க, மைலேஜ் மட்டும் வர மாட்டேங்குது” என்று பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை நன்றாகவே வைத்திருப்பார்கள். ஆயில் சுத்தம், பிளக் புதுசு, இன்ஜின் சத்தம் அருமை. அப்படியும் குறைகிறதென்றால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே. தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் நான் சொல்வது இவைதான். வரிசையை மாற்றாதீர்கள், காசு செலவில்லாதவற்றைப் பெரும்பாலும் முதலில் வைத்திருக்கிறேன்.

1. முதலில் அளந்து பாருங்கள். அளக்காமல் எதையும் கழற்ற விடாதீர்கள்.

500 ரூபாய்க்குப் போட்டோம், முள் இவ்வளவு ஏறியது, இத்தனை நாள் ஓடியது என்பதெல்லாம் அளவு இல்லை. டேங்க்கை நிரப்புங்கள், பம்ப் தானாக முதல் தடவை நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். குறைந்தது 300, 400 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடியும் முதல் கட் ஆகும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஏறிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். ‘ரவுண்டாப் போட்டுடலாங்களா’ என்று கேட்டு இன்னும் அரை லிட்டர் திணித்தால் கணக்கு கெடும். அதோடு, டேங்க்கின் ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பாவுக்குள் பெட்ரோல் புகுந்து அதுவும் கெடும். டேஷ்போர்டு திரை காட்டுகிற எண்ணை நம்பிச் சண்டைக்குப் போக வேண்டாம். பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

பங்க் மேல் சந்தேகமா? எல்லாப் பங்க்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுக் கலம் இருக்க வேண்டும். கேட்டால் பிடித்துக் காட்ட வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

2. கம்பெனி சொன்ன எண் உங்கள் ரோட்டில் எடுத்தது இல்லை.

விளம்பரத்தில் வருகிற மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட விட்டு எடுத்தது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்கள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. மொத்தம் 20 நிமிடத்துக்கும் குறைவான ஓட்டம், சுமார் 11 கிலோமீட்டர், உச்ச வேகம் 90. ஏசி ஓடாது. எதிர்க்காற்று கிடையாது, ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, பின் சீட்டில் மாமனார் மாமியார் கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் நல்லது. உங்கள் வண்டியில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க அது உதவாது. அதற்கு உங்கள் வண்டியின் பழைய கணக்குதான் வேண்டும். போன வருஷம் 17 கொடுத்த வண்டி இப்போது 14 கொடுத்தால் தேட வேண்டியதுதான். விளம்பரத்தில் 22, எனக்கு எப்போதும் 16 என்றால் தேட ஒன்றும் இல்லை.

3. எந்த ரோட்டில் அளந்தீர்கள்?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. சும்மா நிற்கும்போதே 1,200 கிலோ இருக்கிற காரை அந்த 600 மீட்டர் சொச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போக மட்டும் முக்கால் லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் செலவாகும். இது ரோட்டில் உருள்வதற்கான செலவுக்கு மேல். திரும்பி வரும்போது அதில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகவே பெங்களூருவிலிருந்து இறங்கி வந்த கணக்கைப் பெருமையாகச் சொல்கிறவரும், ஏறிப் போன கணக்கைக் காட்டி மெக்கானிக்கைத் திட்டுகிறவரும் பாதிக் கணக்கையே பார்க்கிறார்கள். போக வர இரண்டையும் சேர்த்து வகுக்க வேண்டும். ஏற்காடு இன்னும் உயரம், 1,500 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்த டேங்க்கையும், நாமக்கல் கரூர் சமதளத்தில் ஓடிய டேங்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது.

4. இன்ஜின் சூடாகும் முன்பே வீடு வந்துவிடுகிறதா?

இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். நம்மூர் வெயிலுக்கு இன்ஜின் எப்போதும் சூடுதானே என்பார்கள். சித்திரை மாதத்து மத்தியானம் 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி வந்த பிறகுதான் இன்ஜின் அளவாகப் பெட்ரோல் எடுக்கும். அதுவரை இன்ஜினின் கம்ப்யூட்டர் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். ஆயிலும் கெட்டியாக இருந்து இழுக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட 2 கிலோமீட்டர், சாயங்காலம் உழவர் சந்தைக்கு ஒன்றரை கிலோமீட்டர், இவ்வளவுதான் ஓட்டம் என்றால் அந்த வண்டி முழுச் சூட்டை ஒரு நாளும் பார்ப்பதில்லை. ஷோரூமிலிருந்து வந்த வண்டியாக இருந்தாலும் மைலேஜ் பாதாளத்தில்தான் கிடக்கும். இரண்டு மூன்று வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். நடந்து போகிற தூரத்துக்கு நடந்து போங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு தவறு நம் வட்டாரத்தில் அதிகம். வெயில் ஊர், இன்ஜின் சூடாகிவிடும் என்று பயந்து, ரேடியேட்டருக்குப் போகிற வழியில் உள்ள தெர்மோஸ்டாட் வால்வைச் சில பட்டறைகளில் கழற்றி எறிந்துவிடுவார்கள். வண்டி குளிர்ச்சியாக ஓடுகிறது என்று உரிமையாளருக்கும் சந்தோஷம். உண்மையில் ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்ஜின் அரைச் சூட்டிலேயே கிடக்கிறது. பெட்ரோலும் போகிறது, உள்ளே தேய்மானமும் கூடுகிறது.

பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மேல் கையை வையுங்கள். ஃபேன் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. வால்வு நல்லபடியாக இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிராகவே இருக்கும்; அப்புறம் சட்டென்று சூடாகும். ஸ்டார்ட் செய்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறிக்கொண்டே வந்தால், வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. பைபாஸில் போகும்போது டெம்பரேச்சர் முள் இறங்கி, ஊருக்குள் வந்ததும் ஏறினாலும் இதே அர்த்தம்தான். வால்வின் விலை பெரிதில்லை. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதீர்கள்.

5. காற்றைக் காலையில் பாருங்கள்.

எத்தனை பவுண்டு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். அது குளிர்ந்த டயருக்கான அளவு. டயருக்குள் காற்று 10 டிகிரி சூடேறினால் ஒன்றரை பவுண்டுக்கு மேல் அழுத்தம் கூடும். மத்தியானம் 2 மணிக்கு, ஓமலூரிலிருந்து ஓடி வந்த வண்டியை நிறுத்திக் காற்று பார்த்தால் 33 இருக்க வேண்டிய டயர் 37 காட்டும். காற்றுப் பிடிக்கிற பையன் நல்ல எண்ணத்தில் நாலு பவுண்டு இறக்கிவிடுவான். மறுநாள் காலை அது 29. இப்படி மாதக்கணக்கில் குறைந்த காற்றில் ஓடுகிற வண்டிகள் ஏராளம். டயர் பார்க்கச் சப்பையாக இருக்காது, ஆகவே யாருக்கும் தெரியாது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள். இந்தப் பட்டியலில் எல்லாரையும் காசு கொடுத்து வாங்கச் சொல்வது அது ஒன்றைத்தான்.

6. நாலு சக்கரமும் தடையில்லாமல் சுற்றுகிறதா?

நன்றாகப் பராமரித்த வண்டியில் மைலேஜ் குறைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பிரேக்கை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே ஓடி வருவார்கள். பிடித்த பிரேக் முழுசாக விடவில்லை என்றால் யாரும் வருவதில்லை, ஏனென்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி வண்டி நடந்துகொண்டிருக்கும். டிஸ்க் பிரேக்கில் காலிபர் நகர்கிற பின்கள் கிரீஸ் காய்ந்து, புழுதி ஏறி இறுகிவிடும். பின் சக்கரத்தில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுசாகத் திரும்பாது. கிரஷர் புழுதியும் மண் ரோடும் உள்ள நம் ஊர்களில் இது சீக்கிரம் வரும். சர்வீஸ் பட்டியலில் ‘பிரேக் செக்’ என்று டிக் அடித்திருந்தாலும், பேடு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்த்திருப்பார்கள்.

சமதளத்தில் பத்துக் கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டுங்கள். ஓரமாக, மெதுவாக உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாகவும் ஒன்று அனலாகவும் இருந்தால் ஆள் அகப்பட்டான். பிறகு பட்டறையில், மற்றச் சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து, அந்தச் சக்கரத்துக்கு ஜாக்கி போட்டு, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். லேசாக உரசும் சத்தம் இருக்கலாம். ஆனால் விட்ட கையோடு நின்றுவிடக் கூடாது. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸைப் போட்டால் வேலை முடிந்தது. இன்ஜினைப் பிரிக்கலாம் என்று வந்தவர்கள் பலர் இந்தச் சின்ன வேலையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

7. டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள்.

உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழப்பு, வெளியிலிருந்து உள்ளே தடவினால் சொரசொரப்பு என்றால் அலைன்மென்ட் போய்விட்டது. சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகிறது. டயரும் போகும், பெட்ரோலும் போகும். அழகுக்காகப் பெரிய ரிம்மும் அகல டயரும் மாட்டியவர்களுக்கு இன்னொரு விஷயம். புது டயரின் சுற்றளவு 3 சதவீதம் கூடுதல் என்றால், 103 கிலோமீட்டர் ஓடியும் மீட்டர் 100 என்றுதான் காட்டும். காகிதத்தில் மைலேஜ் அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். அகல டயரின் இழுவையால் நிஜமாகவும் கொஞ்சம் குறையும். அந்த ரிம்முக்குக் கொடுத்த காசு எனக்கு வீணாகத்தான் தெரிகிறது.

8. வேகம்.

வேகம் கூடக் கூட, காற்றுத் தடை அந்த வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இல் இருந்து 100க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்றுத் தடை 56 சதவீதம் கூடிவிடுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். 80இல் போவதற்கும் 100இல் போவதற்கும் ஏழெட்டு நிமிட வித்தியாசம். அதில் பாதியை ஒரு டோல்கேட் வரிசையில் விட்டுவிடலாம். பழனிக்குப் போனபோது மாட்டிய மேல் கேரியர் அடுத்த தைப்பூசம் வரை கூரையிலேயே இருக்கும் வண்டிகள் உண்டு. அதுவும் காற்றைத் தடுக்கும், கழற்றி வீட்டில் வையுங்கள்.

9. கால்.

சிகப்பு சிக்னல் தூரத்திலேயே தெரிந்த பிறகும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு போய், கடைசியில் பிரேக் அடிப்பதைப் போலப் பெட்ரோலை வீணாக்கும் வழி வேறில்லை. காலை முன்பே எடுங்கள், வண்டி தானாக உருண்டு போகட்டும். கிளட்ச் மேல் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டாதீர்கள். தட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும், இன்ஜின் சுற்றுவது முழுசாகச் சக்கரத்துக்குப் போகாது. ஏசி போட்டு மரத்தடியில் ஒரு மணி நேரம் காத்திருந்தால் அரை லிட்டருக்கு மேல் காலி, கிலோமீட்டர் பூஜ்யம். சேலம் ஐந்து ரோடு மேம்பாலம் வந்த பிறகும் ஊருக்குள் நெரிசல் நெரிசல்தான். ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் பைபாஸ் மைலேஜை எதிர்பார்க்க முடியாது.

10. ஏர் ஃபில்டரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

கார்புரேட்டர் காலத்தில் அடைத்த ஃபில்டர் மைலேஜைத் தின்றது உண்மை. இப்போதைய வண்டிகளில் வருகிற காற்றை அளந்துதான் பெட்ரோல் ஊற்றப்படுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துப் பார்த்தபோது, அடைத்த ஃபில்டரால் இழுவை குறைந்தது, மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. நம் ஊர்ப் புழுதிக்கு ஃபில்டரை நேரத்தில் மாற்றத்தான் வேண்டும். அது இன்ஜினைக் காப்பாற்ற. மைலேஜுக்காக மாற்றி ஏமாறாதீர்கள்.

11. ஆயில் புத்தகத்தில் சொன்ன கிரேடுதான். ‘வெயில் ஊருங்க, திக்கா இருக்கட்டும்’ என்று 5டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், இன்ஜின் தன் ஆயிலையே தள்ளுவதற்குப் பெட்ரோல் செலவழிக்கும்.

12. பெட்ரோலே மாறியிருக்கிறது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தொடங்கியது; 2025இல் அந்த அளவை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில், 20 சதவீதக் கலவையால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொன்னது. இந்தக் கலவைக்கென்றே சரிசெய்து வந்த வண்டிகளில் குறைவு சிறிது. லிட்டருக்கு 17 கொடுத்த பழைய கார் 16 கொடுத்தால், உங்கள் மேலும் குற்றமில்லை, மெக்கானிக் மேலும் குற்றமில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போய்த் தீவன விலை ஏறுகிறது என்று வருந்துகிறார்கள். கார்க்காரர்களுக்கு மைலேஜ் குறைகிறது. இறக்குமதி குறையும், கரும்புக்காரருக்கும் சோளக்காரருக்கும் காசு வரும் என்பது மறுபக்கம். குறைகிற மைலேஜுக்கு ஏற்ப அந்தப் பெட்ரோலின் விலையும் குறைய வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பதினேழு பதினாலாக இறங்கியிருந்தால் அதை எத்தனால் தலையில் கட்டாதீர்கள். முதலிலிருந்து திரும்பிப் பாருங்கள்.

13. இத்தனையும் பார்த்துச் சரியாக இருந்தால்தான் ஸ்கேனர். ஆக்ஸிஜன் சென்சாரும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரும் டேஷ்போர்டு விளக்கு எரியாமலேயே சோம்பிப்போகும். ஓடுகிற வண்டியில் அவை காட்டும் அளவைப் பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் ஊற்றும் மைலேஜ் மருந்து எதுவும் வேண்டாம்.

14. இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள்.

இதைக் கடைசியில் வைத்தது மறந்துவிடாமல் இருக்க. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கம். டீசல் மிச்சம் என்று அங்கே நியூட்ரலில் விட்டு, சிலர் இன்ஜினையே அணைத்து, வண்டியை உருட்டுகிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல், முன்னால் நிற்கிற வண்டிகள் மேல் ஏறிய லாரிகளால் அங்கே போன உயிர்கள் எத்தனையோ. போலீஸ் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியும் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

இதில் மிச்சமும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இப்போதைய பெட்ரோல், டீசல் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் எரிபொருளை முழுசாக நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க ஐடிலுக்கு எரிபொருள் ஊற்ற வேண்டும். அதாவது கியரில் இறங்குகிறவருக்குச் செலவு பூஜ்யம், நியூட்ரலில் இறங்குகிறவருக்குத்தான் செலவு. இன்ஜினை அணைத்தால் காரில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். லாரியில் பிரேக்குக்குக் காற்று ஏற்றுகிற கம்ப்ரஸரே நின்றுவிடும்.

லாரி ஓட்டுகிற உங்கள் அப்பா, சித்தப்பா, மாமா யாராவது இன்னும் அந்தப் பழைய பழக்கத்தில் இருந்தால், இந்தக் கணக்கை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். நீங்களும் தொப்பூரில் இறங்கும்போது மூன்றாவது கியரிலோ இரண்டாவதிலோ இறங்குங்கள்.